ஏழாவது வரிசை

காலையில் பல் துலக்கி முடித்ததும் நூல்காரர் பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். உள்ளங்கையால் வலது கண்ணை இறுகப் பொத்திக்கொண்டு, எதிர்ச்சுவரை இடது கண்ணால் மட்டும் பார்ப்பார். ஆறு அங்குலச் சதுரத்தில் வெள்ளை டைல்ஸ், தரையிலிருந்து கூரைவரை பதினேழு வரிசை. கண் டாக்டரம்மா முதலில் கட்டம் போட்ட காகிதம் ஒன்றைத்தான் கொடுத்தார். ஒவ்வொரு கண்ணாக மூடி, நடுப்புள்ளியைப் பார்த்து, எந்தக் கோடு வளைகிறது என்று தினமும் குறித்து வரச் சொன்னார். "காகிதம் எதுக்குங்க டாக்டர்? வீட்ல சுவரே இருக்கு. நானே போட்டது. அதைவிட நேரான கோடு உங்க மெஷினுக்குள்ளகூட இருக்காது" என்று சொல்லிவிட்டு வந்தவர் இவர். ஒவ்வொரு கண்ணாக என்று சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்குப் பரீட்சை என்பது அவர் கணக்கு.

நூல்காரர் என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். நூல் பிடித்த மாதிரி என்று ஊரெல்லாம் சொல்கிறது, அது மற்றவர்களுக்கு ஒரு பேச்சு. இவருக்கு மதம். முப்பது வருஷமாக டைல்ஸ் போடுகிறார். அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் கை கழுவுகிற இடத்தில் சுவரோடு கன்னத்தை வைத்து ஓரப்பார்வை பார்க்காமல் திரும்பமாட்டார். "ஆளுங்க மூஞ்சிய என்னைக்காவது பாத்திருக்கீங்களா? கோட்டைத்தான பாக்கறீங்க" என்பாள் மனைவி. சும்மா சொல்லக்கூடாது, அவள் சொன்னதில் பொய்யில்லை. மனைவியின் தம்பி ஒருத்தன் இவரிடமே வேலை கற்று இவரோடே வேலை பார்த்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டுச் சமையலறையில் அவன் போட்ட சுவரில் ஒரு வரிசை தீக்குச்சி கனத்துக்கு இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் நிற்கிறார், ஆட்கள் நிற்கிறார்கள். இவர் சுத்தியலை எடுத்து நாற்பது டைல்ஸையும் உடைத்துத் தள்ளினார். மச்சான் தன் கரணையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதோடு இவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அவள் அவனைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அவள் ஒன்பதாம் நாள் இல்லாமல் போனபோது, மச்சான் வந்து தெருவில் நின்றான். உள்ளே வராமலே போய்விட்டான்.

அவள் போய் ஆறு மாதத்தில் இடது கண் சிவந்தது. சிமெண்ட் தூசி என்று தண்ணீர் அடித்துக் கழுவினார். வலித்தது, வெளிச்சம் கூசியது. கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டதில் சிவப்பு போயிற்று, ஆனால் பார்வையில் ஒரு சாம்பல் நிறம் தங்கிவிட்டது. ஒருநாள் வலது கண்ணில் ஏதோ விழுந்து தேய்த்துக்கொண்டே கூடத்தில் மாட்டியிருக்கும் மனைவியின் போட்டோவை ஏறிட்டார். போட்டோவில் தோள் இருந்தது, காதோரம் இருந்தது, முகம் இல்லை. பார்வையை ஓரமாக நகர்த்தினால் முகம் வந்தது. நேராகப் பார்த்தால் போயிற்று. தூசிக்கும் வலிக்கும் போகாதவர், மறுநாள் விடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

"கண்ணுக்குள்ள அழற்சி. அதனால விழித்திரையோட நடுவுல நீர் கோத்து வீங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. கம்ப்யூட்டர் திரையில் அடுக்கடுக்காக ஏதோ வெட்டுப்படம். "இந்த இடத்துல ஒரு சின்னக் குழி இருக்கணும். உங்களுக்கு அது மேடா இருக்கு, பாருங்க."

நூல்காரர் முன்னால் குனிந்து பார்த்தார். மேடும் பள்ளமும் அவருக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டிய பாடமா என்ன? "சுவத்துல ஓதம் ஏறின மாதிரிங்களா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதேதான். ஓதத்தைக் காய வெக்க மருந்து இருக்கு. ஆனா உள்ள எங்கயோ பைப்பு ஒழுகிட்டே இருந்தா, காய வெச்சாலும் திரும்ப வரும். அந்த அழற்சியை நிறுத்தறதுதான் நிஜ வைத்தியம். நாளாகும். பொறுமை வேணும். இன்னொண்ணு, இது சில பேருக்கு அடுத்த கண்ணுக்கும் வரலாம். அதனாலதான் ரெண்டையும் பாத்துட்டே இருக்கணும்."

நாள்தான் ஆயிற்று. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முதலில் ஸ்டீராய்டு மாத்திரை. முகம் பன்னாக உப்பிற்று, பசி பேயாக எடுத்தது, வீக்கம் வடிந்தது. மாத்திரையைக் குறைத்ததும் திரும்ப வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள், வடிந்தது. மூன்றாம் மாதம் திரும்ப வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கிற மாத்திரை ஒன்று, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அதைத் தின்ற மறுநாள் முழுக்க வாயில் தகரத்தை நக்கின ருசி. அப்புறம் கண்ணுக்குள்ளேயே ஊசி. மரத்துப்போக மருந்து விட்டுவிட்டுத்தான் போட்டார்கள், ஆனாலும் ஊசி வருவதைக் கண் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது! மகள் பார்சல் ஆபீஸில் அரை நாள் அரை நாளாக லீவு எடுத்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். உயர வேலை வேண்டாம் என்று கூட இருப்பவர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். கீழ்வரிசை போட்டாலும், பின்னாலேயே ஒருத்தன் வந்து ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்துவிட்டுப் போனான். இவருக்குத் தெரியாமல் பார்ப்பதாக அவனுக்கு நினைப்பு.

சுவர்ப் பரீட்சைக்காக அலமாரியை நகர்த்தியது கட்டம் போட்ட காகிதம் வந்த அன்றைக்கு. நாலடுக்கு பிளாஸ்டிக் அலமாரி, எதிர்ச்சுவரை மறைத்து நின்றது. இவர் ஒரு தடவை இரண்டு மாத வேலையாக வெளியூர் போய்த் திரும்பியபோது மனைவி தானே வாங்கி வைத்திருந்தாள். அதில் முட்டியை இடித்துக்கொண்டு இவர் திட்டாத நாளில்லை. "என் தலைமேல வேணா ஏறுங்க, அலமாரிமேல கை வெக்காதீங்க" என்பாள். பதினாலு வருஷம் அது அங்கேயே நின்றது. அதை இழுத்து வெளியே போட்ட அன்றைக்கு, வேலையிலிருந்து வந்த மகள் பாத்ரூம் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். "அம்மா இருந்தா விட்டிருப்பாங்களா?" என்றாள்.

அன்றிலிருந்துதான் சுவர் அவரைப் பிடித்துக்கொண்டது. வீக்கம் அதிகமான நாட்களில் வெள்ளைச் சுவர் மூச்சு வாங்குவதுபோல் உப்பி அமுங்கிற்று. கோடுகள் நெளிந்தன. பார்வை போகிற இடமெல்லாம் நெளிவும் கூடவே போயிற்று. அதற்கு டாக்டரம்மா காரணம் சொல்லியிருந்தார், அவர் பயப்படவில்லை. பயமுறுத்தியது ஏழாவது வரிசை. அங்கே, நடுவில் மூன்று முழ நீளத்துக்குக் கோடு கீழே தொய்ந்திருந்தது. கண்ணை எங்கே திருப்பினாலும் அந்தத் தொய்வு மட்டும் நகரவில்லை. வீக்கம் வடிந்து மற்ற கோடுகள் எல்லாம் நிமிர்ந்த நாட்களிலும் அது நிமிரவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து யாரோ இரண்டு விரலால் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. யாரோ என்ன, அவள்தான். அலமாரியில் கை வைக்காதே என்றவள், நான் கை வைத்துவிட்டேனே என்று வந்து நிற்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவருக்கோ வெள்ளைவெளேர் என்று வெளிச்சம் விழுகிற சுவரில். வலது கண்ணைப் பொத்தும்போதெல்லாம் இடது ஓரத்தில், கதவில் தொங்கும் துண்டுக்குப் பக்கத்தில், அவள் தோள் தெரிந்தது. திரும்பினால் சாம்பல் நிறம் வந்து மூடிற்று. "இரு, வரேன்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே எழுந்து வெளியே வந்துவிட்டார். மற்ற நேரத்தில், குளிக்கும்போதுகூட, அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பமாட்டார்.

நோட்டில் தினமும் ஒரே வரிதான் எழுதினார்: வளைவு உண்டு.

கடைசியாகப் போனபோது மகள் மருந்து வாங்கும் வரிசையில் நிற்க, இவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நல்லா வடிஞ்சிருக்கு. குழி திரும்ப வந்துடுச்சு. ஒரு ஓரத்துல துளி ஈரம் மிச்சம் இருக்கற மாதிரி தெரியுது, அவ்வளவுதான். ஆனா நீங்க இன்னும் வளையுதுன்னு எழுதியிருக்கீங்க."

"வளையுதுங்க. ஏழாவது வரிசை. நகரவே மாட்டேங்குது."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இன்னொரு ஊசி போடலாம். ஆனா போன ஊசிக்கே கண்ணோட அழுத்தம் ஏறிடுச்சு. அதுக்குத்தான் அந்த ராத்திரிச் சொட்டு. மறுபடி ஏறினா நரம்பு கெடும், கெட்டது திரும்ப வராது. போடாம விட்டு, வீக்கம் நிஜமாவே மிச்சம் இருந்துச்சுன்னா, நடுப்பார்வை போயிடும். படம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ரெண்டு கண்ணையும் தனித்தனியாத்தான பாக்கறீங்க?"

"பாக்கறேங்க" என்றார் நூல்காரர். முப்பது வருஷத்தில் அளவு சம்பந்தமாக அவர் சொன்ன முதல் பொய் அது.

"அப்ப வியாழக்கிழமை வாங்க. போட்டுடலாம்."

பொய் இரண்டு நாள் உறுத்திற்று. புதன்கிழமை காலை வழக்கம்போல் பக்கெட்டில் உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். ஏழாவது வரிசை தொய்ந்திருந்தது. சரி, டாக்டரம்மாவிடம் சொன்னதையாவது மெய்யாக்குவோம் என்று கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினார்.

ஏழாவது வரிசை தொய்ந்திருந்தது.

அதே இடத்தில், அதே மூன்று முழ நீளத்துக்கு. கையை எடுத்தார், கண்ணைத் தேய்த்தார், மறுபடி பொத்தினார். தொய்ந்தே இருந்தது. அடுத்த கண்ணுக்கும் வரலாம் என்று சொல்லியிருந்தார்களே! பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்களே, பார்க்காமல் விட்டோமே! எத்தனை நாளாக இருக்கிறதோ? இனி போட்டோவில் முகம் ஒரு கண்ணுக்கும் கிடைக்காது. அவளை ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்காதவனுக்கு, அவள் இல்லாத காலத்தில் அவள் முகமும் இல்லை. பக்கெட்டிலிருந்து எழுந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனைவி போனபோதுகூட அப்படிச் சத்தம் போட்டு அழவில்லை.

மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், சீப்பும் கையுமாக ஓடிவந்தாள். "என்னப்பா? விழுந்துட்டீங்களா?"

"வலது கண்ணுக்கும் வந்துருச்சும்மா. போச்சு. ரெண்டும் போச்சு."

"எப்படித் தெரியும்?"

"கோடு. இதுலயும் வளையுது. ஏழாவது வரிசை."

மகள் சுவரைப் பார்த்தாள். விரலால் எண்ணவில்லை, நேரே அந்த இடத்தைத்தான் பார்த்தாள். கையிலிருந்த சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்கும் வளைஞ்சுதாம்பா தெரியுது" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. அவளுக்கும் கண் போய்விட்டதா என்று ஒரு கணம் அவளை வெறித்துப் பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று போய் வேலைப் பையைத் தூக்கிவந்து நூலை எடுத்தார். ஒரு முனையை மகள் ஒரு மூலையில் பிடித்தாள், மறுமுனையை இவர் பிடித்து இழுத்தார். ஏழாவது வரிசையின் மேல் விளிம்பில் நூல் விறைத்து நின்றது. நூலுக்குக் கண் நோய் கிடையாது. அதற்குக் கீழே, சுவரின் நடுவில், ஒன்பது டைல்ஸ் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறின. ஆழமான இடத்தில் இரண்டு தீக்குச்சி கனம் இருக்கும்.

மலைபோல வந்தது பனிபோல விலகியது என்பார்கள். விலகியதும் அவர் செய்த முதல் காரியம், குனிந்து பையில் சுத்தியலைத் துழாவியது. பழக்கம். யார் சுவராக இருந்தால் என்ன, கோணலைக் கண்டால் அந்தக் கை அதைத்தான் தேடும்.

"அப்பா" என்றாள் மகள். "அது மாமா போட்டது."

துழாவிய கை நின்றது.

"நீங்க ரெண்டு மாசம் வெளியூர் போயிருந்தீங்கல்ல, அப்ப சுவத்துக்குள்ள பைப்பு ஒழுகி, பின்னால படுக்கையறை வரைக்கும் ஓதம் ஏறிடுச்சு. பைப்புக்காரர் வந்து ஒன்பது டைல்ஸை உடைச்சாரு. அம்மா மாமாவுக்குப் போன் பண்ணாங்க. ரெண்டு நாள் வந்தாரு. மிச்சம் கிடந்த டைல்ஸ் ஒரு நூல் அகலம் கூடுதலா இருந்துச்சாம், நேரா உக்காரல. அம்மா சொன்னாங்க, இதை அவர் பாத்தா உடைப்பாருடான்னு. 'உடைக்கட்டும்க்கா. அதையும் உடைக்கட்டும்'னாரு மாமா." மகளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று. "அம்மா அன்னைக்குச் சாயங்காலமே போய் அந்த அலமாரிய வாங்கிட்டு வந்துட்டாங்க. என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. எனக்குப் பன்னெண்டு வயசு."

"அப்புறம் வந்தானா?"

"வருவாரு. நீங்க வெளியூர் போறப்பல்லாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். பதினாலு வருஷம் அக்காளும் தம்பியும் இந்த வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், இவர் வருகிற நாளுக்கு முன்னால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. தெருவிலேயே நின்று திரும்பிப் போனவனின் முதுகுதான் வந்தது. தன் அக்காளைப் பார்க்க இவருக்குப் பயந்து ஒளிந்து வந்தவன், கடைசி நாளிலும் இவருக்குப் பயந்தே போயிருக்கிறான்.

"டாக்டருக்குப் போன் பண்ணும்மா" என்றார். "சுவர்தான் கோணல்னு சொல்லு. நான் ஒரு கண்ணைத்தான் பாத்தேன், பொய் சொல்லிட்டேன்னும் சொல்லு."

மகள் கூடத்தில் பேசுவது கேட்டது. மறுமுனையில் நர்ஸ், அப்புறம் டாக்டரம்மாவே. "சரிங்க... ஆமாங்க, சுவர்ல... இல்லீங்க, நிஜமாவே கோணல்" என்று மகள் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. திரும்பி வந்தாள். "நாளைக்கு ஊசி வேணாமாம். வாராந்திர மாத்திரைய மட்டும் விடாம சாப்பிடணும், அந்தத் துளி ஈரம் கூடுதா குறையுதான்னு மூணு வாரத்துல படம் எடுத்துப் பாத்துக்கலாமாம். இனிமே காகிதத்தைத்தான் பாக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. ரெண்டு கண்ணையும்."

"மச்சான் நம்பர் இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு."

"எழுதி வெச்சுட்டுப் போ. பெருசா எழுது."

மகள் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நூல்காரர் திரும்பவும் பாத்ரூமுக்கு வந்தார். நூல் கீழே கிடந்தது. பக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து, ஏழாவது வரிசைக்கு முகத்தைக் கொண்டுபோனார். யார் போட்ட சுவர் என்று தெரிந்த பிறகு அதை வேலைக்காரன் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான். வேலை மோசமில்லை. அகலம் கூடின டைல்ஸை வைத்துக்கொண்டு இதைவிட யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இவராலும் முடியாது. இடுக்கில் அடைத்திருந்த வெள்ளை சிமெண்ட்தான் வேறு மாதிரி இருந்தது. மச்சான் ரப்பர் துண்டால் இழுப்பான், ஒரே சீராக வரும். இது விரலால் தேய்த்தது. தேய்க்கத் தெரியாத விரல். அங்கங்கே அழுத்தி, அங்கங்கே தூக்கி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வெளியூர் வேலை முடிந்து வந்தபோது அவள் வலதுகை ஆள்காட்டி விரல் தோலுரிந்து சிவந்திருந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். "சோப்பு ஒத்துக்கல" என்றாள். சரி என்று விட்டுவிட்டார். சிமெண்ட் தின்ற விரல் ஆயிரத்தைப் பார்த்தவர் அவர். தன் விரலே வருஷத்துக்கு நாலு தடவை அப்படி உரியும். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளின் விரலைப் பார்த்தும் பார்க்கவில்லை. பாவி, ஒரு தடவை அந்தக் கையை எடுத்துப் பார்த்திருக்கலாமே!

வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். கதவுப் பக்கம், துண்டுக்குப் பக்கத்தில், யாரும் நிற்கவில்லை. தேடிப் பார்த்தார், இல்லை. இடது கண்ணை இன்னும் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. அலமாரி நின்ற இடம், தேய்த்துக் கழுவவே படாத இடம். மூன்றாவது டைல்ஸுக்கும் நாலாவதுக்கும் நடுவில் விரல் அழுத்தி நின்ற ஒரு பள்ளம். அதற்குள் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக, மெல்லிய கோடுகள். ஒன்றுகூட நேரில்லை. அவர் தன் ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைத்தார். விரல் பெரியதாக இருந்தது, உள்ளே இறங்கவில்லை. எடுத்துவிட்டு, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.